ஜனவரி விரல்

பரேலில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில்
நான் விரல் செய்கிறேன்.
காதும் உண்டு, கேட்டால் மூக்கும்.
சிலிக்கான்தான். ஆனாலும் நகத்தடியில்
பிறை வைத்துத்தான் தருவேன்.

நிறம் கலப்பதில் போகும் பாதி நாள்.
வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு, ஒரு துளி நீலம்.
நீலம் எதற்கு என்பவர்களிடம்
மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள் என்பேன்.

லடாக்கில் பனி கடித்த ஹவில்தாருக்கும்
எல்லாப்பூரிலிருந்து வந்த சித்தி இனத்து அக்னெஸுக்கும்
இதே ஐந்து குப்பிகள்.
ஆறாவது குப்பியை
பதினோரு வருஷத்தில் நான் திறந்ததில்லை.

தத்தா ஷிர்சாட் ஜனவரியில் வந்தார்,
வசாயில் பவர்ப்ரெஸ் ஓட்டியவர்.
வலது கை, ஆள்காட்டி விரல்.
"செய்வதுதான் செய்கிறீர்கள் மேடம்,
கொஞ்சம் வெளுப்பாகச் செய்யுங்களேன்."
"ஒரு விரல் மட்டுமா?"
யோசித்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.
டியூப்லைட்டில் பொருந்துவது வெயிலில் பொய்யாகும்;
இரண்டு முறை மொட்டைமாடிக்கு ஏறினோம்.
புறங்கைக்கு ஒரு நிறம், உள்ளங்கைக்கு வேறொன்று.
ஒரே விரலுக்குள் இரண்டு ஊர்.

மே மாதம் திரும்பி வந்தார்.
விரலைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.
"இது என்னுடையது இல்லை. வேறு யாருடையதோ."
கோராய் படகுத்துறையில் இப்போது டிக்கெட் கிழிக்கிறாராம்.
நான்கு மாத வெயில்.
கை கறுத்திருந்தது.
விரல் ஜனவரியிலேயே நின்றிருந்தது.

தோல் வெயில் சொல்வதைக் கேட்கும், சிலிக்கான் கேட்காது
என்று மட்டும் சொன்னேன்.
சொல்லாமல் விட்டது நிறைய.

தோலின் ஒவ்வோர் அணுவும்
தன் கருவுக்கு மேலே ஒரு பழுப்புக் குடை பிடிக்கிறது.
அந்தக் குடைத்துணி நெய்கிற அணுக்கள்
ஹவில்தாருக்கும் அக்னெஸுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.
நெசவின் அடர்த்திதான் வேறு.

வெயில் உச்சந்தலையில் நிற்கும் நாடுகளில்
வயிற்றுப் பிள்ளைக்கான சத்தை
தாயின் ரத்தத்திலேயே வெயில் குடித்துவிடும்;
அங்கே அடர்ந்த குடை நிலைத்தது.
வெயில் சாய்ந்தே விழும் நாடுகளில்
எலும்புகள் வெளிச்சத்துக்கு ஏங்கின;
அங்கே குடை மெலிந்தது.
யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவல்ல.
பல்லாயிரம் வருஷம்,
பிழைத்த பிள்ளைகளும் பிழைக்காத பிள்ளைகளும்
சேர்ந்து எழுதிய கணக்கு.
பிறகு நடந்தார்கள், கலந்தார்கள்,
தாதரில் வந்து இறங்கினார்கள்.

குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி உள்ளே விட
ஒடுங்கிய மூக்கு உதவியிருக்கலாம்.
காதுமடல் சிலருக்கு மட்டும் ஏன் ஒட்டியிருக்கிறது
என்று என்னைக் கேட்காதீர்கள்.
எல்லாக் கேள்விக்கும் வெயிலிடம் பதில் இல்லை.
பாதி தற்செயல்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
மாட்டுங்கா வீட்டில் காபியை முடித்துவிட்டுச் சொன்னது:
"லட்சணமான பொண்ணு. நிறம்தான் கம்மி."
கம்மியா?
மில்லிகிராம் காட்டும் தராசு வைத்திருக்கிறேன்.
என்னைச் செய்ய
பழுப்புக் குப்பி பாதி காலியாகும்.
அந்த மாப்பிள்ளைக்கு நாலு சொட்டு போதும்.
இத்தனை கணக்குத் தெரிந்த தமிழில்
இந்த ஒரு கூட்டல் மட்டும் ஏன் கழித்தலானது?
அன்று கேட்கத் தோன்றவில்லை.
டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஷிர்சாட்டுக்கு இன்னொரு விரல் செய்தேன், பாதி விலைக்கு.
உள்விளிம்பில் மராத்தியில் 'மே' என்று எழுதி
இரண்டையும் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டார்.
வெளியே முதல் மழை பிடித்துவிட்டது.
படியில் பாதி இறங்கியவர் நின்று கேட்டார்:
"அப்போ ஆகஸ்டுக்கு?"

"ஆகஸ்டில்
கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.
சிரிப்பு மட்டும்
கீழ்வாசல் வரை கேட்டது.